கூண்டும் கண்ணாடியும்: முதுகுத்தண்டு அறுவையில் எதை வைப்பது, எதன் வழியே பார்ப்பது?

முதுகுத்தண்டு அறுவையைப் பற்றி எழுதுவோர், உடலுக்குள் பொருத்தப்படும் பொருளையும், உள்ளே பார்ப்பதற்கு மருத்துவர் கையாளும் கருவியையும் இரு வேறு தலைப்புகளாகப் பிரித்துவிடுவது வழக்கம். டைட்டானியமா, பீக் நெகிழியா என்பது ஒரு பட்டியல். நுண்ணோக்கியா, எண்டோஸ்கோப்பா என்பது வேறொரு பட்டியல். இந்தப் பிரிவினை எழுதுவதற்கு வசதியானது, ஆனால் அறுவை அரங்கில் செல்லுபடியாவதில்லை என்பது என் கருத்து. 8 மில்லிமீட்டர் குழாய் வழியே பார்க்கத் தீர்மானித்தவர் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள பொருளை அதே வழியில் உள்ளே அனுப்ப இயலாது. எக்ஸ்ரேயில் தெரியாத பொருளை வைத்தவர், அது இடம் பெயர்ந்திருக்கிறதா என்று ஆறு மாதம் கழித்துப் பார்ப்பதற்கு அப்பொருளுக்குள் முன்னரே ஓர் அடையாளத்தைப் பதித்திருக்க வேண்டும். எனவே இரண்டு பட்டியல்களையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் தேர்வு மற்றொன்றை எந்த இடத்தில் நெருக்குகிறது என்று பார்க்கலாம்.

பொருத்தப்படும் பொருளிலிருந்து தொடங்குவோம். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் அமர்ந்திருக்கும் டிஸ்க்கை நம் வீடுகளில் ‘ஜவ்வு’ என்றே சொல்கிறோம். அது தேய்ந்து, எலும்புகள் நிலை தளர்ந்து நரம்பை அழுத்தும்போது, டிஸ்க்கை அகற்றிவிட்டு அவ்விரு எலும்புகளும் ஒன்றாக வளர்ந்து ஒட்டிக்கொள்ளுமாறு செய்வதே எலும்பிணைப்பு அறுவை. நியூயார்க்கில் 1911இல் ரசல் ஹிப்ஸும் ஃபிரெட் ஆல்பியும் தனித்தனியே இதைச் செய்தபோது உள்ளே உலோகம் எதுவும் வைக்கவில்லை; நோயாளியின் எலும்பையே பயன்படுத்திவிட்டு, அது ஒட்டும்வரை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்திருந்தார்கள். எலும்பு ஒட்டும்வரை இடைவெளி சரிந்துவிடாமல் தாங்குவதற்கு ஏதாவது வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் ‘கேஜ்’ எனப்படும் சிறு கூண்டு பிறந்தது.

அது பிறந்த விதம் சுவையானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பாக்பி என்ற எலும்பு மருத்துவர், கழுத்து முள்ளெலும்புகளின் கோளாறால் தள்ளாடி நடக்கும் குதிரைகளுக்கான சிகிச்சையில் 1970களில் கால்நடை மருத்துவர்களோடு சேர்ந்தார். குதிரையின் இடுப்பிலிருந்து எலும்பை வெட்டி எடுத்துக் கழுத்தில் வைப்பது பெருந்துன்பம். அதற்கு மாற்றாக, துளைகளிட்ட எஃகு உருளை ஒன்றைச் செய்து, இடத்தைக் குடையும்போது கிடைத்த எலும்புத் துருவலையே அதற்குள் திணித்து அவர் பொருத்தினார். ‘பாக்பி கூடை’ என்று பெயர் பெற்ற அந்த உருளையை, மினசோட்டாவைச் சேர்ந்த குஸ்லிச்சின் துணையோடு, திருகுபோல் மரையிட்ட டைட்டானியக் கூண்டாக மனிதருக்கு ஏற்ப மாற்றினார்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 1996இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. இத்தகைய கருவிகளின் காப்புரிமை எத்துணை மதிப்புடையது என்பதற்கு ஒரு கணக்கு போதும். கேரி மைக்கெல்சன் என்ற முதுகுத்தண்டு மருத்துவர் தம் கண்டுபிடிப்புகள் தொடர்பாக மெட்ரானிக் நிறுவனத்துடன் நடத்திய வழக்கு, 2005இல் 135 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

டைட்டானியத்தின் பெரும் சிறப்பு எலும்பு அதனோடு நேரடியாக ஒட்டுவது. சுவீடனின் பெர்-இங்வார் பிரானமார்க் 1950களில் முயலின் காலெலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்று, எடுக்க வராமல் போனபோது கண்டுகொண்ட உண்மை அது. இன்றைய பல் உள்வைப்புகளின் அடிப்படையும் அதுதான். உலோகத்தின் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலத்தில் எலும்பணுக்கள் வந்து அமர்கின்றன. ஆனால் அதே உலோகம் எக்ஸ்ரேயைத் தடுத்துவிடுகிறது, சி.டி. ஸ்கேன் படத்தில் கீற்றுகளை உண்டாக்குகிறது. கூண்டுக்குள் எலும்பு வளர்ந்து மேலும் கீழும் பாலம் கட்டிவிட்டதா என்பதுதான் மருத்துவர் அறிய விரும்பும் ஒரே செய்தி. அந்தச் செய்தியைத் திண்மையான டைட்டானியக் கூண்டு மறைத்துக்கொள்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்கவே பீக் வந்தது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வாளர்கள் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய, 340 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும் இந்த நெகிழி, முதலில் தொழிற்சாலை உதிரிப்பாகங்களுக்கானது; 1990களில் முதுகுத்தண்டுக்குள் நுழைந்தது. எக்ஸ்ரே இதனுள் தடையின்றிப் புகும் என்பதால் உள்ளே வளரும் எலும்பு தெளிவாகத் தெரியும். கூண்டே தெரியாமல் போய்விடுகிறதே என்பதற்காக, அதன் விளிம்புகளில் டாண்டலம் என்ற உலோகத்தாலான சிறு ஊசிகளைப் பதிக்கிறார்கள். படத்தில் கூண்டு இராது, அந்தப் புள்ளிகள் மட்டும் இருக்கும். புள்ளிகள் நகர்ந்திருந்தால் கூண்டு நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

பீக் நெகிழிக்குச் சாதகமாக அடிக்கடி முன்வைக்கப்படும் மற்றொரு வாதம் அதன் விறைப்பு. பள்ளி இயற்பியலில் படித்த யங் குணகத்தை நினைவுகூர்ந்தால், எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கு அது ஏறத்தாழ 12 முதல் 20 ஜிகாபாஸ்கல். பீக் நெகிழிக்கு 3 முதல் 4. டைட்டானியக் கலவைக்கு 110 அளவில். துருவேறா எஃகிற்கு 200ஐ ஒட்டி. விறைப்பான பொருள் சுமை முழுவதையும் தானே வாங்கிக்கொண்டால், சுமை கிட்டாத எலும்பு மெலியும் என்பது 1892இல் ஜெர்மானியரான ஜூலியஸ் வோல்ஃப் வகுத்த விதியின் வழியே வரும் முடிவு. மேலும், கெட்டியான கூண்டு மென்மையான எலும்புக்குள் புதைந்துவிடும் என்றும் சொல்வார்கள். வாதம் கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. விற்பனைக் கையேடுகளிலும் தவறாமல் இடம்பெறுகிறது. ஆயினும் இதை நான் பாதிதான் ஏற்பேன். ஒரு கூண்டின் விறைப்பைத் தீர்மானிப்பது அதன் மூலப்பொருள் மட்டும் அன்று, வடிவமும்தான். மெல்லிய சுவரும் பெரிய உள்வெளியும் கொண்ட டைட்டானியக் கூண்டு, தடித்த நெகிழிக் கூண்டைவிட இளகியதாக நடந்துகொள்ள முடியும். கூண்டு புதைவதற்கு நோயாளியின் எலும்புத் தேய்வும், முள்ளெலும்பின் பரப்பைச் சுரண்டும்போது அளவுக்கு மீறிச் சுரண்டிவிடுவதும், கூண்டின் அடிப்பரப்பு குறுகியிருப்பதும் காரணங்களாகின்றன.

பீக் நெகிழியின் உண்மையான குறை வேறு. எலும்பு அதனோடு ஒட்டுவதில்லை. இடையே நார்த்திசு ஒரு மெல்லிய உறைபோல் வளர்ந்து இரண்டையும் பிரித்து வைக்கிறது. கூண்டின் நடுவெளி வழியே எலும்பு பாலம் கட்டினால் சிக்கலில்லை; கட்டாவிட்டால் கூண்டு உள்ளே இலேசாக ஆடிக்கொண்டே இருக்கும். இதைத் தவிர்க்க பீக் மேல் டைட்டானியத்தைப் பூசிப் பார்த்தார்கள். சுத்தியலால் தட்டி இறுக்கமான இடைவெளிக்குள் செலுத்தும்போது அந்தப் பூச்சு உதிர்வது ஆய்வகச் சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. இரண்டின் நன்மையையும் ஒன்றாகப் பெற நினைத்த ஏற்பாட்டில் இரண்டின் குறைகளும் சேர்ந்துகொண்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்குச் சிறந்த விடை உலோகத்தின் பக்கத்திலிருந்தே வந்தது. டைட்டானியப் பொடியை எலக்ட்ரான் கற்றையாலோ லேசராலோ அடுக்கடுக்காக உருக்கி முப்பரிமாண அச்சு முறையில் செய்யும் கூண்டு, பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்தது. உலோகம் குறைவதால் விறைப்பும் குறைகிறது. எக்ஸ்ரேக்கு ஓரளவு வழி கிடைக்கிறது. எலும்பு மேற்பரப்பில் ஒட்டுவதோடு நில்லாமல் துளைகளுக்குள்ளேயே புகுந்து வளர்கிறது. ஒரே மட்டத்தில், அதாவது ஒரே ஒரு டிஸ்க் இருந்த இடத்தில், செய்யும் சாதாரண எலும்பிணைப்புக்கு, பொருளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், நான் இதையே தேர்வேன்.

எலும்புகளை ஒட்டவைப்பதற்கு மாறாக அசைவைக் காக்கும் செயற்கை டிஸ்க்கையும் இங்கே சுருக்கமாகவாவது எடைபோட வேண்டும். சுவீடனின் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம் 1960களில் வைத்துப் பார்த்த எஃகு உருண்டைகள் நாளடைவில் எலும்புக்குள் அமிழ்ந்துபோயின. அதன் பின்னர் குறிப்பிடத்தக்க வடிவம் கிழக்கு பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில், 1980களின் தொடக்கத்தில், குர்ட் ஷெல்நாக், காரின் புட்னர்-யான்ஸ் ஆகியோரின் முயற்சியில் உருவானது: இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வழுக்கும் பாலிஎத்திலீன் வில்லை. காரின் வேறு யாருமல்லர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சீருடற்பயிற்சியில் இரண்டு தங்கம் வென்றவர். முதுகு வளைவதன் அருமையை உடலால் அறிந்த ஒருவர் அசையும் டிஸ்க்கை வடிவமைத்தது பொருத்தமே. எஃப்.டி.ஏ. 2004இல் இதை முதுகுத்தண்டின் இடுப்புப் பகுதிக்கு ஒப்புக்கொண்டது. ஆனால் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு, 60 வயதைக் கடந்தவர்களுக்கு இடுப்புச் செயற்கை டிஸ்க் செலவை ஏற்பதில்லை என்று 2007இல் முடிவெடுத்தது.

இடுப்பில் இதைப் பொருத்த வயிற்றுப்புறம் வழியே, பெருந்தமனியையும் பெருஞ்சிரையையும் ஒதுக்கித்தான் செல்ல வேண்டும். பின்னாளில் பழுதானால், வடுக்கள் ஒட்டியிருக்கும் அதே குழாய்களைக் கடந்து மறுபடி செல்ல வேண்டும். கழுத்தில் நிலைமை வேறு. அங்கே முன்பக்கப் பாதை எளிது. இணைக்கப்பட்ட மட்டத்திற்கு மேலோ கீழோ உள்ள மட்டம் கூடுதல் சுமையால் கெடுவதும் அங்கே நன்கு பதிவாகியிருக்கிறது. 374 நோயாளிகளைத் தொடர்ந்து, 1999இல் வெளியான ஆய்வொன்று, அண்டை மட்டத்தில் புதிய நோய் ஆண்டுக்குச் சராசரியாக 2.9% பேருக்கு வருவதாகக் கணக்கிட்டது. ஆகவே கழுத்தில், ஒரு மட்டத்தில் மட்டும் கேடுள்ள நடுவயதினருக்குச் செயற்கை டிஸ்க்கின் பக்கம் சாய்வேன்; இடுப்பில் சாய மாட்டேன். ஒரு சிலருக்குச் செயற்கை டிஸ்க்கைச் சுற்றியே எலும்பு வளர்ந்து, அசைவுக்காக வைத்தது தானாக இணைந்துபோவதும் உண்டு.

இனிப் பார்க்கும் கருவிகள். விலகிய டிஸ்க்தான் கால்வலிக்குக் காரணம் என்று பாஸ்டனின் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் எழுதியபோது, அதை அகற்றும் அறுவை வெறுங்கண்ணால், பெரிய கீறலோடு நடந்தது. கீறல் ஏன் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது என்பதில் ஒரு வடிவியல் உண்மை இருக்கிறது. மனிதரின் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தொலைவு உண்டு. ஆழமான குறுகிய குழிக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு கண்ணுக்கு அடித்தளம் தெரியும், மறு கண்ணுக்குச் சுவர்தான் தெரியும்; ஆழ உணர்வு போய்விடும். அறுவை நுண்ணோக்கி இரண்டு பார்வைப் பாதைகளையும் 2.5 சென்டிமீட்டர் அளவுக்கு நெருக்கிவிடுவதால் இரு கண்களும் ஒரே துவாரத்தின் அடியை எட்டுகின்றன; ஒளியும் ஏறத்தாழ அதே பாதையிலேயே இறங்குவதால் நிழல் விழுவதில்லை. பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவதைக் காட்டிலும் இவ்விரண்டுமே அதன் பெரிய கொடை என்று கருதுகிறேன். சுவீடனின் கார்ல் நைலன் 1921இல் காது அறுவைக்குத் தொடங்கிவைத்த இக்கருவி, ஸைஸ் நிறுவனத்தின் 1953ஆம் ஆண்டு மாதிரியின் வழியே பரவி, 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸின் தியோடர் கர்ஸே மூலம் நரம்பு அறுவைக்கு வந்தது. யாஸர்கிலும் காஸ்பரும் 1977இல் டிஸ்க் அறுவையில் அதன் பயனை எழுதினார்கள். கீறல் இரண்டு, மூன்று சென்டிமீட்டராகச் சுருங்கியது.

எண்டோஸ்கோப்பின் தர்க்கம் இதற்கு நேர்மாறானது. வெளியே நின்று துவாரத்தின் வழியே எட்டிப் பார்ப்பதை விட்டு, கண்ணையே துவாரத்துக்குள் அனுப்பிவிடுகிறது. காற்றிடைவெளிகளுக்குப் பதிலாக நீண்ட கண்ணாடித் தண்டுகளை அடுக்கி ஒளி இழப்பைக் குறைத்த பிரிட்டனின் ஹெரால்ட் ஹாப்கின்ஸின் வடிவமே இன்றைய விறைப்பான எண்டோஸ்கோப்புகளின் முன்னோடி. முதுகுத்தண்டில், பிலடெல்பியாவின் பர்விஸ் காம்பின், டிஸ்க்கின் பக்கவாட்டில் நரம்பைத் தொடாமல் நுழையத்தக்க முக்கோணப் பகுதி ஒன்றை வரையறுத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. முழு எண்டோஸ்கோப் முறையில் கீறல் 8 மில்லிமீட்டரை ஒட்டியது. கருவி செல்லும் உள்வழி 4 மில்லிமீட்டர் அளவே. இடைவிடாமல் ஓடும் சலைன் நீர் இரத்தத்தைக் கழுவி, சிறு கசிவுகளைத் தன் அழுத்தத்தாலேயே அடக்குகிறது. பலருக்கு உணர்விழக்கச் செய்யாமல் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து இதை முடிக்க இயலும். நரம்பைத் தொட்டால் நோயாளியே சொல்லிவிடுவார் என்பது எந்தத் திரையும் தராத எச்சரிக்கை.

இழப்புகளும் உண்டு. படம் ஒற்றைக் கண் படம். ஆழத்தைக் கையின் அனுபவத்தால்தான் ஊகிக்க வேண்டும். இடத்தை அறிய எக்ஸ்ரே மீண்டும் மீண்டும் தேவைப்படுவதால் கதிர்வீச்சு கூடுகிறது. நீரின் அழுத்தம் கட்டுப்பாட்டை மீறினால் தலைக்குள் அழுத்தம் ஏறித் தலைவலியும் கழுத்துவலியும், அரிதாக வலிப்பும் வரலாம். பழகுவதற்கு நெடுங்காலம் பிடிக்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே, 1997இல் அமெரிக்காவின் கெவின் ஃபோலியும் ஸ்மித்தும் அறிமுகப்படுத்திய குழாய் முறை இருக்கிறது: தசையை வெட்டாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பெரிதாகும் குழாய்களைச் செருகித் தசை இழைகளை விலக்கி, கடைசிக் குழாயின் வழியே வேலை செய்வது. தசைக்குக் காயம் குறைவதால் வலியும் குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நெதர்லாந்தில் 328 நோயாளிகளைக் குலுக்கல்போல் இரு பிரிவாக்கி நடத்தி 2009இல் வெளியிட்ட சீரற்ற ஒப்பீட்டில் எதிர்பார்ப்பு பலிக்கவில்லை; வழக்கமான நுண்ணோக்கி முறையைவிடக் கால்வலியிலும் முதுகுவலியிலும் குழாய் முறை சற்றுப் பின்தங்கியது. அதே நாட்டில், 613 பேரிடம் நடந்து 2022இல் வெளியான மற்றொரு சீரற்ற ஆய்வோ, முழு எண்டோஸ்கோப் முறை கால்வலியைத் தீர்ப்பதில் வழக்கமான முறைக்குக் குறைந்ததன்று என்று காட்டியது. கீறலின் நீளத்தை மட்டும் அளந்து ஒரு முறையை மேலானது என்று சொல்பவர்கள் இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எக்ஸோஸ்கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காயத்திற்கு மேலே ஓர் உயர்தரக் கேமரா. எதிரே பெரிய முப்பரிமாணத் திரை. சிறப்புக் கண்ணாடி அணிந்து அனைவரும் ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள். ஒலிம்பஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கி 2017இல் வெளிவந்த 4கே முப்பரிமாணக் கருவி இவ்வகையில் பெயர் பெற்றது. நோயாளிக்கு நுண்ணோக்கி தருவதைவிட இது பெரிதாக எதுவும் தருவதில்லை; பயனடைவது, மணிக்கணக்கில் கண்வில்லையில் குனிந்து தம் கழுத்து டிஸ்க்கையே கெடுத்துக்கொள்ளும் மருத்துவர்தான். அதைச் சிறிய பயன் என்று ஒதுக்கவும் முடியாது.

இரண்டு பட்டியல்களும் மோதிக்கொள்ளும் இடத்திற்கு இப்போது வரலாம். விலகிய டிஸ்க் துண்டை மட்டும் எடுப்பதாயின் உள்ளே எதையும் வைக்க வேண்டியதில்லை. 4 மில்லிமீட்டர் வழி போதும். எலும்பிணைப்புக்குக் கூண்டு வேண்டும். பின்புறமாக நுழையும் கூண்டு பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலம் உடையது. முழு எண்டோஸ்கோப் முறையில், இடத்தை அழகாகச் சுத்தம் செய்து காட்டிய கருவியை, மிக ஆபத்தான கணத்தில், அதாவது கூண்டு நரம்பைக் கடந்து உள்ளே செல்லும் கணத்தில், வெளியே எடுத்துவிட்டு அகன்ற குழாயை வைத்து, எக்ஸ்ரே நிழலை மட்டும் நம்பிக் கூண்டைச் செலுத்த வேண்டியிருக்கிறது. கண் தேவைப்படும் நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொள்வது போன்ற நிலை அது. சிறிதாக உள்ளே சென்று பின் விரியும் கூண்டுகள் இந்த நெருக்கடியின் விளைவே. உயரத்தை அவை உள்ளே சென்றபின் பெற்றாலும், அசையும் பாகங்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால் எலும்புத் துருவலுக்கு இடம் குறைகிறது.

கொரிய மருத்துவர்கள் கடந்த பத்தாண்டுகளில் செம்மைப்படுத்தியிருக்கும் இருதுவார முறை இதற்கு எளிய விடையைத் தருகிறது. ஒரு துவாரத்தில் எண்டோஸ்கோப், மற்றொன்றில் கருவி. கருவித் துவாரத்தைச் சற்று அகலப்படுத்தினால், வழக்கமான அளவுடைய நுண்துளை டைட்டானியக் கூண்டையே, கண்ணால் பார்த்துக்கொண்டே, நரம்பை ஒதுக்கி உள்ளே அனுப்பலாம். ஒன்றல்ல, இரண்டு கீறல் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது பின்னடைவாகத் தோன்றலாம். எலும்பிணைப்பைப் பொறுத்தவரை எனக்கு இதுவே சிறந்த இணையாகப் படுகிறது. நுண்ணோக்கியில் கைதேர்ந்த மருத்துவர் கிடைத்திருக்கும்போது, இந்த முறை தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன்.

பார்வையின் தேவை பொருளின் தேர்வை முழுவதுமாகத் தீர்மானித்துவிடும் சூழல் ஒன்று உண்டு: முதுகெலும்பில் புற்றுக்கட்டி. அங்கே அறுவை முடிந்த பின்னும் கதிரியக்கச் சிகிச்சை தொடரும். கட்டி மீண்டும் தலைதூக்குகிறதா என்று எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டைட்டானியத் திருகுகளும் கம்பிகளும் படத்தைக் கலைப்பதோடு, கதிரின் அளவைக் கணக்கிடுவதையும் சிக்கலாக்குகின்றன. எனவே, கார்பன் இழை கலந்த பீக் நெகிழியாலான திருகுகளையும் கம்பிகளையும் அத்தகையோருக்குப் பொருத்துகிறார்கள். எலும்பு எளிதில் ஒட்டாது என்ற பழைய குறை இங்கே பின்னுக்குப் போய்விடுகிறது. வேறொரு குறை முன்னே வந்து நிற்கிறது: டைட்டானியக் கம்பியை மருத்துவர் அறுவை அரங்கிலேயே நோயாளியின் முதுகின் வளைவுக்கேற்ப வளைத்துக்கொள்வார், கார்பன் இழைக் கம்பி அப்படி வளையாது, ஏற்கெனவே வளைத்துச் செய்யப்பட்டு வரும் கம்பிகளுள் பொருந்துவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.